பேர் எழுதிய பிளாஸ்திரி

மருத்துவமனைக் கோப்புகளை நம்புகிறவர்கள் நம்பட்டும். அவற்றின்படி நரம்பக்கா பத்தொன்பது ஆண்டுகள் படுக்கை விரிப்பு மாற்றினாள், வேறெதுவும் செய்யவில்லை. பழைய விரிப்பை உருவினாள், புதியதை விரித்தாள், நான்கு மூலையையும் மடித்துச் செருகினாள், அழுக்கை வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனாள். பதவியின் பெயர் வார்டு உதவியாளர். அந்தப் பதவிக்குரிய கடமைகள் பதினான்கு வரிகளில் அச்சாகியிருக்கின்றன. ஊசி என்ற சொல் அதில் ஒரே இடத்தில் வருகிறது: "பயன்படுத்திய ஊசிகள் அடங்கிய பெட்டியை அப்புறப்படுத்துதல்."

அப்படியானால் அவளுக்கு நரம்பக்கா என்று பெயர் வந்தது எப்படி என்று கோப்புகள் கேட்பதில்லை. கோப்புகளுக்கு அந்த நல்ல பழக்கம் உண்டு.

நடந்தது இதுதான். ஆண்கள் வார்டில் யாருக்காவது குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தால் நர்ஸ் ஒரு முறை குத்துவார். கிடைக்காது. இரண்டாம் முறை குத்துவார். நோயாளி நர்ஸின் ஏழு தலைமுறையையும் மனசுக்குள் விசாரிப்பார். மூன்றாம் முறைக்கு டாக்டர் வருவார். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன கைய்யா இது" என்று குற்றத்தைக் கையின் மேலேயே போடுவார். அதன் பிறகு யாராவது வராந்தாப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்கள்.

"அந்த நரம்பக்காவைக் கூப்பிடு."

புத்தகத்தில் அதற்குச் சிரை என்று பெயர். வார்டில் வாயுள்ளவர்கள் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்வார்கள். குத்தினால் வலிக்கிற எதுவும் அவர்களுக்கு நரம்புதான். அக்கா விரிப்பு வண்டியைச் சுவரோரம் நிறுத்துவாள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், நோயாளியின் கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடுவாள். மேற்கையில் ரப்பர்க் கயிற்றைக் கட்டுவாள். பிறகு குசலம் விசாரிப்பாள்.

"உங்க மச்சான் நல்லா இருக்காரா?"

மச்சான் என்ற சொல் காதில் விழுந்ததும் பத்தில் எட்டு ஆண்களுக்கு முஷ்டி தானாக இறுகிவிடும். கை விடைக்கும், சிரை எழும்பும். மீதி இரண்டு பேருக்குப் பங்காளியை விசாரித்தால் போதும். அவர்கள் பழைய வழக்கை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கி இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் ஊசி உள்ளே போயிருக்கும்.

ஆனால் மச்சானுக்கும் முன்னால் ஒரு காரியம் உண்டு. குத்தப்போகிற இடத்தில் நடுவிரல் நுனியை வைத்து, மூச்சு நாலு எண்ணும் வரை காத்திருப்பாள். விரலுக்குக் கீழே இருப்பது பஞ்சு போல அமுங்கி எழுந்தால் குத்துவாள். துடித்தால் விரலை எடுத்துக்கொண்டு வேறு இடம் தேடுவாள். அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்று யாரும் இல்லை. பிறர் தவறாகக் குத்துவதை அருகில் நின்று பார்த்தே கற்றாள். அந்த மருத்துவமனையில் அந்தக் கல்விக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

ஊசி நின்றதும் அதன் மேல் பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். பிளாஸ்திரியில் நேரம், போட்டவர் பெயர் இரண்டும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த வழியாக மருந்து ஏற்றக் கூடாது. விரிப்பு மாற்றுகிறவள் ஊசி போட்டாள் என்று எழுத முடியுமா? ஆகவே அன்றைய நர்ஸோ டாக்டரோ தங்கள் பெயரை எழுதிவிடுவார்கள். இப்படியாக அந்த மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாக அத்தனை பேரும் கைதேர்ந்தவர்களாக இருந்தார்கள். தலைமை நர்ஸுக்கு ஒரு வருடம் விருதுகூடக் கொடுத்தார்கள். மேடைக்குப் போட வெள்ளை விரிப்பு கொண்டுவந்தவள் அக்கா.

வீட்டில் இதைப் பற்றி வேறு கருத்து நிலவியது. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற கணவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்வார்: "ஊருக்கெல்லாம் நரம்பு பிடிக்கிறா. இங்க ஒருத்தன் நாடி நின்னா, தெரியவே ரெண்டு நாள் ஆகும்."

"நின்னா சொல்லுங்க, வந்து பாக்கறேன்," என்பாள் அக்கா.

மகள் வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவள். அவளுக்குச் சிரிப்பு வராது. "அம்மா, பேர் வேற ஒருத்தங்களது, கை உன்னது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன செய்வே?"

"இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையேடி."

"ஆகற வரைக்கும் யாருக்கும் ஆகாதும்மா."

ஆன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணி.

பன்னிரண்டாம் கட்டிலுக்கு ஒரு தையல்காரர் வந்து சேர்ந்தார். முந்தின நாள் எதையோ சாப்பிட்டு, அது ஒத்துக்கொள்ளாமல், இரவெல்லாம் வாந்தியெடுத்து, உடம்பில் சொட்டு ஈரம் இல்லாமல் வந்திருந்தார். மெலிந்த மனிதர். நீர் வற்றினால் சிரைகள் ஓடி ஒளிந்துகொள்ளும். கடன்காரனைக் கண்டவன் போல. நர்ஸ் இரண்டு முறை குத்திப் பார்த்துக் கைவிட்டார். அக்கா அப்போது எட்டாம் கட்டிலில் விரிப்பின் மூன்றாவது மூலையைச் செருகிக்கொண்டிருந்தாள். கூப்பிடுவார்கள் என்று தெரிந்து கையைக் கழுவவும் கிளம்பிவிட்டாள்.

கூப்பிடவில்லை. வார்டுக்கு வந்து ஒரு மாதமே ஆன சின்ன டாக்டர், மருத்துவமனைக்குத் தலைவரான பெரிய டாக்டருடைய தங்கை மகன், "நானே பாத்துக்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார். தையல்காரரின் வலது முழங்கையின் உள்மடிப்பில், சுண்டுவிரல் பக்கமாக, தொட்டால் திமிறிக்கொண்டு நிற்கிற ஒரு குழாய் அவருக்குத் தட்டுப்பட்டது. குத்தினார். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. வந்தது என்பது மரியாதைக்காகச் சொல்வது. செக்கச்செவேல் என்று, விட்டு விட்டுத் துள்ளிக்கொண்டு, குழாயில் மேலே ஏறியது.

"பாத்தீங்களா, என்ன வேகம்," என்றார் சின்ன டாக்டர், நர்ஸைப் பார்த்து. பிளாஸ்திரியை ஒட்டித் தன் பெயரையும் நேரத்தையும் அழகாக எழுதினார்.

அக்கா ஈரக் கையோடு வந்து நின்றாள். "டாக்டர், இது துடிக்குது."

"உயிரோட இருக்கிற ஆளுக்குத் துடிக்கத்தான் செய்யும், அக்கா."

நர்ஸ் சிரித்தார். தையல்காரரும், மரியாதைக்கு, சிரிக்க முயன்றார். சின்ன டாக்டர் வாந்தியை நிறுத்தும் மருந்தை ஊசிக்குழலில் எடுத்து அந்த வழியாகவே தள்ளத் தொடங்கினார்.

பாதி போவதற்குள் தையல்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, விரலு எரியுது. விரல்ல நெருப்பு வைக்கிறாங்க." குத்தியது முழங்கையில், எரிந்தது விரல் நுனியில். சின்ன டாக்டர் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு மேலும் தள்ளப் போனார். அக்கா கையை நீட்டி ஊசிக்குழலைப் பிடித்துக்கொண்டாள்.

"போதும் தம்பி. நிறுத்துங்க."

டாக்டர் என்று சொல்லாமல் தம்பி என்று சொன்னது பின்னால் விசாரணையில் தனிக் குற்றமாக எழுந்தது.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதலில் சுண்ணாம்பு போல வெளுத்தன. சின்ன டாக்டர் அதைப் பார்த்தார். அவரும் வெளுத்தார். படபடப்பில் ஊசியை வெடுக்கென்று பிடுங்கி, பிளாஸ்திரியோடு சேர்த்துக் குப்பைப் பெட்டியில் எறிந்தார். ஓட்டையிலிருந்து ரத்தம் பீறிட்டது. அக்கா கட்டைவிரலை அதன் மேல் வைத்து அழுத்தினாள். நர்ஸ் அறுவை டாக்டரை அழைத்துவர ஓடினார். சுவர்க் கடிகாரத்தில் பத்து நிமிஷம் ஆகும் வரை அக்கா விரலை எடுக்கவில்லை. சிரையாக இருந்தால் பஞ்சை வைத்து இரண்டு நிமிஷம் மடக்கினாலே நின்றிருக்கும்; இது தமனி.

அறுவை டாக்டர் வந்து பார்த்து, உடனே மருந்து ஏற்ற இன்னொரு வழி வேண்டும் என்றார். நர்ஸ் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். சின்ன டாக்டர் ஊசிப் பக்கமே வரவில்லை. அக்கா தையல்காரரின் இடது கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டாள். வெந்நீரில் நனைத்த துண்டைச் சுற்றினாள். விரல் வைத்து நாலு எண்ணினாள். அன்று மச்சானைப் பற்றி விசாரிக்கவில்லை. ஊசி ஒரே தடவையில் நின்றது.

பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. யார் பெயர் எழுதுவது? நர்ஸ் மருந்து எடுக்கப் போயிருந்தார். சின்ன டாக்டர் பேனாவை நீட்டினார். எழுத அவருக்கு விரல் மடங்கவில்லை. பெயர் இல்லாவிட்டால் மருந்து ஏற்றக் கூடாது. அக்கா எழுதினாள். பத்தொன்பது ஆண்டுகளில் முதல் முறையாக, குண்டு குண்டாக: நரம்பக்கா, 10.40. எழுதிவிட்டு ஒரு நொடி கூடுதலாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனிதப் பிறவிக்கு அந்த ஒரு நொடி ஆசை ஆகாது.

தையல்காரருக்குக் கை பிழைத்தது. பாதி மருந்தோடு நின்றதால்தான் பிழைத்தது என்று அறுவை டாக்டர் வராந்தாவில் சொன்னார்; எழுத்தில் தரவில்லை. வெளுத்த விரல்கள் நீலமாகி, நீலம் கறுப்பாகி, மூன்றாம் வாரம் இரண்டு விரல் நுனிகளை எடுத்தார்கள். கத்தரிக்கோல் பிடிக்கிற விரல்கள்.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு அமைந்தது. தலைவர் பெரிய டாக்டர். தங்கை மகன் சம்பந்தப்பட்டிருப்பதால் தாம் இருபக்கமும் சாயாமல் நடந்துகொள்வதாக முதல் பத்தியிலேயே எழுதிக்கொண்டார். அதற்கு மேல் எதற்கு விலக வேண்டும்? இரண்டாமவர் நிர்வாக அதிகாரி. கட்டடம், தண்ணீர், மின்சாரம் பற்றித் தெரிந்தவர். மூன்றாமவர் தலைமை நர்ஸ்.

விசாரணைக்கு முந்தின நாள் மாலை மகள் அக்காவை எதிரே உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. எங்க ஆபீஸுக்கு வர்றவங்கள்ல ஜெயிக்கிறவங்க எல்லாம் அதைத்தான் சொல்றாங்க."

"தெரிஞ்சதைத் தெரியாதுன்னு எப்படிடி சொல்றது? நாக்கு கூசாதா?"

"கூசினா தண்ணி குடி."

"அவ சொல்றதைக் கேளு," என்றார் கணவர். "நான் முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன். மோதினவன் முதல்ல சொல்றது 'நான் பாக்கலை'. பாத்தேன்னு சொன்னவன்தான் மாட்டுவான்."

அக்கா தலையாட்டினாள். அவளுக்கு அந்த வேலை போனால் வீடு கவிழ்ந்துவிடாது. ஆனால் ஊசி பிடிக்கிற கை அவளுடைய கை; அதை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கோப்பில் உள்ள பெண்பிள்ளை மட்டும்தான். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தெரியாது என்று சொன்னால் தப்பிக்கலாம் என்கிறார்கள். தெரியாதவளாகத் தப்பித்து எங்கே போவது?

குழு கூடிய அறையில் நீள மேசை, மூன்று நாற்காலி. இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். மேசை மேல் கோப்பு. கோப்பின் முதல் தாளில், ஆதாரம் என்று தலைப்பிட்டு, ஒரு பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தார்கள். நரம்பக்கா, 10.40. சம்பவம் தொடர்பாகக் கிடைத்த ஒரே பிளாஸ்திரி அதுதான். மற்றது குப்பைப் பெட்டியோடு போய்ச் சாம்பலாகியிருந்தது.

முதலில் தையல்காரரை விசாரித்தார்கள். கட்டுப் போட்ட வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையை நீட்டினார். "அந்த அக்கா இந்தக் கையிலதான் போட்டாங்க. இது நல்லா இருக்கு. அந்தக் கையில போட்டது சின்ன டாக்டருங்க."

"அப்போ உங்களுக்குக் காய்ச்சல் இருந்ததா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"லேசா இருந்துச்சு."

"காய்ச்சல்ல இருந்தவர் சாட்சி," என்று அவர் சொல்ல, தலைமை நர்ஸ் எழுதிக்கொண்டார்.

நிர்வாக அதிகாரிக்கு ஒரு சந்தேகம். "பிளாஸ்திரி இடது கையில இருந்தது. கெட்டது வலது கை. இது எப்படி?"

"ரத்த ஓட்டம் இரண்டு கைக்கும் பொது," என்றார் பெரிய டாக்டர். அந்த வாக்கியமும் பதிவாயிற்று. படித்தால் இன்றும் கிடைக்கும்.

அடுத்தது சின்ன டாக்டர். துடிப்பது தமனி என்று கவனிக்கவில்லையா என்ற கேள்விக்கு, தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலை சார்" என்றார். மருந்து அந்த வழியாகப் போகக் கூடாது என்று? "அப்போ தோணலை சார்." அந்தப் பணிவைப் பார்த்து நிர்வாக அதிகாரிக்கே மனம் இளகியது. அனுபவக் குறைவு என்று எழுதினார்கள். அதற்குப் பரிகாரம் அனுபவம். மூன்று மாதம் வெளியூரில் பயிற்சி என்று தீர்மானமாயிற்று. அக்காவைத் தாண்டி வெளியே போகும்போது அவர் குரலைத் தாழ்த்தி, "நான்தான் போட்டேன்னு சொல்லலாம்னு இருந்தேன், அக்கா" என்றார்.

"சொல்லுங்க தம்பி. இன்னும் உள்ளதான் இருக்காங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

கடைசியாக அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மகள் சொன்னதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதற்குள் நிர்வாக அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு அடிப்படையே புரியலை. ரெண்டும் ரத்தக்குழாய்தானே? ஒண்ணுல போட்டா மருந்து, இன்னொண்ணுல போட்டா விஷமா? அப்படி என்ன வித்தியாசம்?"

பெரிய டாக்டர் விளக்கினார். கால் மணி நேரம் விளக்கினார். சுழற்சி என்றார், அழுத்தம் என்றார், நுண்குழல் வலை என்றார். இடையிடையே யாருக்கும் புரியாத மொழியில் சில சொற்களை வைத்தார். அதிகாரியின் முகம் வர வர இருட்டிக்கொண்டே போயிற்று. மனிதர் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அக்காவால் ஆகவில்லை. அவளுடைய சீரழிவுக்கு அந்தக் குணம்தான் காரணம்.

"சார், நீங்க நம்ம துணிக் கிடங்கைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன். குழாய் மாத்தினதே நான்தான்."

"வெளுத்த துணி அங்கிருந்து எப்படிப் போகுது? கட்டில் நம்பர் போட்டுத் தனித்தனியாப் போகுது. பன்னிரண்டுக்கு எடுத்து வெச்சது பன்னிரண்டுக்குத்தான் போகும். தமனின்னா அதுதான் சார், போற வழி. அழுக்குத் துணி அப்படியில்ல. எல்லாக் கட்டில்ல இருந்தும் சேர்ந்து வந்து ஒரே தொட்டியில விழுது. அது சிரை, வர்ற வழி. இப்போ எல்லாத் துணிக்கும் நீலம் போடணும். எங்க போடுவீங்க?"

"தொட்டியில," என்றார் அதிகாரி.

"தொட்டிக்கு வர்ற துணியோட போட்டாலும் சரிதான். தொட்டித் தண்ணியில கரைஞ்சு, எல்லாத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பரவிடும். அதை விட்டுட்டு, பன்னிரண்டாம் கட்டிலுக்குப் போற விரிப்புல மொத்த நீலத்தையும் கொட்டினா?"

"பன்னிரண்டு பாழாயிடும். மத்ததுக்கு ஒண்ணும் சேராது."

"அவ்வளவுதான் சார். தொட்டிதான் இதயம். பன்னிரண்டாம் கட்டில்தான் அவர் விரலு."

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்தார். படிப்பவன் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டால் சொல்கிறவளுக்கு நிறுத்தத் தெரியாது. அக்கா தன் முழங்கையையே மடக்கிக் காட்டினாள். சிரை மேலாக இருக்கிறது, கண்ணுக்கே தெரிகிறது, தோல் மெல்லிசு, உள்ளே வேகமும் இல்லை. தமனி அடியில் இருக்கிறது, சுவர் தடிப்பு, குத்தினால் உயிர் போகிற வலி, பீச்சியடித்தால் நிற்காது. சிரை ஒன்று கெட்டால் பக்கத்துச் சிரை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஊருக்குப் பத்து சந்து இருக்கிற மாதிரி. தமனி அடைத்துக்கொண்டால் அதற்கு அப்பால் இருக்கிற சதைக்குச் சோறு கிடையாது.

"எல்லாத்துக்கும் மேல, குத்தறதுக்கு முன்னாடி விரலை வெச்சுப் பாக்கணும் சார். துடிச்சா எடுத்துடணும். அது ஒண்ணு போதும். மத்ததெல்லாம் தெரியலைன்னாக்கூடப் பரவாயில்ல."

அதிகாரி கீழே வைத்த பேனாவை மறுபடி எடுத்தார்.

"இப்பத்தான் புரியுது," என்றார் அதிகாரி, மனப்பூர்வமாக.

"நானும் அதைத்தான் சொன்னேன்," என்றார் பெரிய டாக்டர். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ்வளவு தெரிஞ்சிருக்கு உங்களுக்கு."

"பாத்துப் பாத்துப் பழகினது சார்."

"அப்போ, தெரிஞ்சேதான் நடந்திருக்கு."

அக்காவுக்கு விளங்கவில்லை.

"ஒருத்தர் தெரியாமப் பண்ணினா அது பிழை. எல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல நின்னு நடந்தா அது என்ன? நீங்க ஊசிக்குழலைத் தொட்டீங்களா?"

"நிறுத்தத்தான் தொட்டேன் சார்."

"தொட்டீங்க. இடது கையில ஊசி போட்டீங்களா?"

"போட்டேன்."

"ஊசி போட உங்களுக்கு அனுமதி உண்டா?"

அக்கா தலைமை நர்ஸைப் பார்த்தாள். அக்கா போட்ட ஆயிரக்கணக்கான ஊசிகளில் பாதிக்கு மேல் அந்த அம்மாளின் பெயரில் ஒட்டப்பட்டவை. அந்த அம்மாள் பேனா மூடியைக் கழற்றி, அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல சார்," என்றாள் அக்கா.

தீர்ப்பு இரண்டு பக்கம். கடமைகளின் பட்டியலில் இல்லாத செயலைச் செய்தது, மருந்தை இடையில் தடுத்தது, மருத்துவரைத் தம்பி என்றது, போதிய அறிவு இருந்தும் விபத்து நேர விட்டது. இனி வார்டில் நோயாளிகளைத் தொடவும் கூடாது, அவர்களோடு பேசவும் கூடாது. துணிக் கிடங்குக்கு மாற்றம். வார்டுக்குள் விரிப்பு வண்டியோடு வரலாம், விரிப்பு மாற்றலாம், போகலாம்.

"தெரியாதுன்னு சொன்னியா?" என்று கேட்டாள் மகள், அவள் முகத்தைப் பார்த்ததுமே.

"அந்த அதிகாரிக்குப் புரியலை பாவம்."

மகள் அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். கணவர்கூட அன்று நகைச்சுவைக்கு விடுமுறை கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துவந்து வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து வார்டில் கை கழுவும் தொட்டிக்கு மேல் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டினார்கள். "சிரைவழி மருந்தேற்றம்: வழிகாட்டு நெறிகள்." கீழே பெரிய டாக்டரின் பெயரும் பட்டங்களும். அக்கா வண்டியை நிறுத்திவிட்டுப் படித்தாள். தொட்டி மையச் சுழற்சி ஆகியிருந்தது. நீலம் செறிவு ஆகியிருந்தது. பன்னிரண்டாம் கட்டில் கடைக்கோடித் திசுக்கள் என்று பதவி உயர்வு பெற்றிருந்தது. மேலாக இருப்பது, மெல்லிய சுவர், வேகக் குறைவு, பத்து சந்து எல்லாம் வரிசை பிசகாமல் இருந்தன. அவள் சொன்னதில் ஒன்று மட்டும் இல்லை.

விரலை வைத்துப் பார்ப்பது இல்லை. விசாரித்ததில், அது வரைவில் இருந்ததாகவும், "விரல் வைத்தல் பாமரத்தனமாகத் தொனிக்கிறது" என்று பெரிய டாக்டர் அடித்துவிட்டதாகவும் மருத்துவமனைத் தட்டச்சுக்காரர் சொன்னார்.

கண்ணாடியைத் துடைக்கும் வேலையும் துணிக் கிடங்கின் பொறுப்பில் வந்தது. அக்கா தினம் துடைத்தாள். ஏன் சிரை, ஏன் தமனி இல்லை என்று அந்தச் சட்டம் ஊருக்கே சொன்னது. எது சிரை, எது தமனி என்று கண்டுபிடிப்பது எப்படி என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் காலை அவள் வண்டியோடு நுழைந்தபோது, புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் ஏழாம் கட்டிலில் ஓர் ஒல்லியான ஆளின் முழங்கை மடிப்பில் ஊசியைச் சாய்த்துப் பிடித்திருந்தார். சுண்டுவிரல் பக்கம். அதே இடம்.

"தொட்டுப் பாத்தீங்களாம்மா?"

"போர்டுல அப்படி ஒண்ணும் இல்லையே, அக்கா."

"இல்லதான். இருந்தாலும் ஒருதரம் விரலை வெச்சுப் பாருங்க."

அந்த நர்ஸ் நல்லவர், வைத்துப் பார்த்தார். விரலை நெருப்பில் வைத்தவர் போல எடுத்துக்கொண்டார். மறு கைக்குப் போனார்.

அக்கா அன்று கண்ணாடியைத் துடைக்கும்போது தன் பையிலிருந்து அகலமான பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, சட்டத்தின் மேல் முதல் நெறிக்கும் முன்னால் ஒட்டினாள். அதில் எழுதினாள்: முதலில் விரல் வை. துடித்தால் எடுத்துவிடு. பேனா அதற்கு மேலும் ஓடப் பார்த்தது. பெயரும் நேரமும் எழுதாமல் மூடிக்கொண்டாள்.

மறு வாரமே ஸ்டூல். அதே மேசை, அதே மூவர். சட்டத்தையே கழற்றிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்திருந்தார்கள்.

"இதை ஒட்டினது யாருன்னு தெரியுமா?" என்றார் பெரிய டாக்டர்.

அக்காவின் நாக்கு கூசத்தான் செய்தது. எதிரே தண்ணீர் இருந்தது, எடுத்துக் குடித்தாள்.

"தெரியாது சார்."

"என்ன எழுதியிருக்குன்னு புரியுதா?"

"தெரியாது சார்."

"சிரை எது, தமனி எதுன்னு?"

"நான் துணி பாக்கறவ சார். எனக்கு என்ன தெரியும்."

மூன்று பேரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்கள். நிர்வாக அதிகாரி மட்டும் ஒரு கணம் அவளை உற்றுப் பார்த்தார். தொட்டியும் நீலமும் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். பிறகு அவரும் கோப்பைப் பார்த்துக்கொண்டார். அந்த அறையில் அக்கா சொன்ன முதல் பொய் அது. கோப்பில் அதற்கு எதிரே, "பணியாளர் உண்மையை ஒப்புக்கொண்டார், நடத்தையில் முன்னேற்றம் காணப்படுகிறது" என்று எழுதினார்கள். முன்பு உண்மையைச் சொன்ன நாளுக்கு அப்படி ஒரு வரி கிடைக்கவில்லை.

ஒட்டியவர் யார் என்று தெரியும் வரை பிளாஸ்திரி ஓர் ஆதாரம். ஆதாரத்தை அப்புறப்படுத்தக் கூடாது. எனவே சட்டத்தைப் பிளாஸ்திரியோடே திரும்பக் கொண்டுபோய் மாட்டினார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் தையல்காரர் இன்னும் ஆறாத விரல்களுக்குக் கட்டு மாற்ற வந்தார். அவருக்கு இன்னொரு சுற்று மருந்து ஏற்ற வேண்டியிருந்தது. புது நர்ஸ் அவருடைய இடது கையைத் தொங்கவிட்டு, நடுவிரல் நுனியை வைத்து, உதடு அசையாமல் நாலு எண்ணினார். அக்கா பக்கத்துக் கட்டிலில் மூன்றாவது மூலையைச் செருகிக்கொண்டிருந்தாள். தையல்காரர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் நோயாளிகளோடு பேசக் கூடாது என்பதால் விரிப்பை நீவிவிட்டாள்.

"இது யாரும்மா சொல்லிக் குடுத்தது, விரலு வெச்சுப் பாக்கறது?" என்று கேட்டார் அவர்.

"அதோ போர்டுல இருக்கே. பெரிய டாக்டர் எழுதினது."

அடுத்த கட்டில்காரர் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "படிச்சவங்க படிச்சவங்கதான்," என்றார்.

அக்கா நான்காவது மூலையைச் செருகினாள். அழுக்கு விரிப்பைச் சுருட்டி வண்டியில் போட்டுத் தள்ளிக்கொண்டு போனாள்.